பாணன் சொன்ன வழியும் செல்லோ ஆசிரியரின் வாழ்வும்

இசைக் கலைஞர்களைப் பற்றி எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்புகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. பிறந்த ஊர், குரு, அரங்கேற்றம், பெரிய மேடைகள், இசைத்தட்டுகள், விருதுகள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசி வரியில், பிற்காலத்தில் மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார் என்று முடிப்பார்கள். மேடைதான் வாழ்க்கை, கற்பித்தல் அதன் ஓய்வுக்காலம் என்ற கணக்கு இதில் ஒளிந்திருக்கிறது. இந்தக் கணக்கு தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு நரம்புக்கருவி ஒரு மண்ணில் வாழ்வதும் அழிவதும் மேதைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. தான் பெற்றதை அடுத்தவர் பெறுவதற்கு வழிகாட்டும் ஏற்பாடு அங்கே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இதை நிறுவ இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று நம்மிடம் இருந்து மறைந்த யாழ். மற்றொன்று நம்மிடம் வந்தும் வேர்பிடிக்காத செல்லோ. இரண்டுக்குமான விசாரணையை மரக்காணத்து உப்பளக் கரையில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் மரக்காணத்தையே சங்க இலக்கியத்தின் எயிற்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஓய்மானாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் துறைமுகம் அது. அவன் தலைநகர் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. பத்துப்பாட்டில் மூன்றாவதாக வரும் சிறுபாணாற்றுப்படை இந்த நாட்டின் ஊடாகச் செல்லும் ஒரு பயணத்தைச் சொல்கிறது. 269 அடிகள் கொண்ட அதை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயரில் ஒரு பேரூராட்சி இன்றும் மரக்காணத்துக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவில் இருக்கிறது. ஆக, பாடியவரும் பாடப்பட்டவனும் இந்தக் கரையைச் சேர்ந்தவர்கள். பாட்டின் நாயகன் மட்டும் வெளியூர்க்காரன்: சீறியாழ் வாசித்துப் பிழைக்கும் ஒரு பாணன். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனிடம், எந்த வழியே போகவேண்டும், வழியில் எந்த ஊர்கள் வரும், எங்கே என்ன உணவு கிடைக்கும், யாரைப் பார்க்கவேண்டும் என்று சொல்வதே பாட்டின் முழுப்பொருள். கடற்கரையில் எயிற்பட்டினம், பிறகு முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர், முடிவில் கிடங்கில். நெய்தல் வழியில் உமணர்களின் உப்பு வண்டிகள் வருகின்றன. அந்த வண்டிகளோடு வந்த மந்தி, உமணரின் பிள்ளைகளோடு சேர்ந்து, முத்தை உள்ளே அடக்கிய சிப்பியைக் கிலுகிலுப்பையாக்கி விளையாடுகிறது. உப்பு விற்போரின் குடும்ப வாழ்வை இவ்வளவு அருகில் நின்று பார்த்த பாட்டு சங்கத் தொகையில் அதிகமில்லை.

அதைவிட அருகில் நின்று பார்த்த ஓரிடம் இதே பாட்டில் உண்டு. பரிசில் பெறுவதற்கு முன் தன் வீடு எப்படி இருந்தது என்று வழி சொல்லும் பாணன் சொல்கிறான். கூரை இற்று விழுந்த அடுக்களை. கறையான் அரித்த சுவர். புழுதியில் பூத்த காளான். அங்கே அண்மையில் குட்டி ஈன்ற நாய் ஒன்று பால் வற்றிய மடியைக் குட்டிகள் கவ்வ, வலி பொறாமல் குரைக்கிறது. பசியால் இடை மெலிந்த கிணைமகள் குப்பைமேட்டில் வளர்ந்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து வேகவைக்கிறாள். போட உப்பில்லை. உப்பில்லாமல் வெந்த அந்தக் கீரையை, வறுமையின் இயல்பு அறியாதவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள். நரம்புக்கருவி வாசிப்பவனின் தொழில்வாழ்வைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று இது. உப்பு விளையும் கரைக்கு வழி சொல்லும் இந்த இசைக்காரன் வீட்டில் கீரைக்கு உப்பில்லாமல் இருந்தது என்பதைப் புலவர் தற்செயலாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வாசிக்கத் தெரிந்திருப்பது பிழைப்புக்குப் போதாது, அந்த வாசிப்பு எங்கே வேண்டப்படுகிறது என்று அறிந்த ஒருவர் வழி சொல்லவேண்டும் என்பதை அந்த அடுக்களை காட்டிவிடுகிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். ஆற்றுப்படை ஓர் இலக்கிய மரபு. புரவலனைப் புகழ்வதற்காகப் புலவர் கட்டிய புனைவு. அதைத் தொழில்வாழ்வின் ஆவணமாகப் படிக்கலாமா? நியாயமான கேள்வி. நல்லியக்கோடன் தந்ததாகச் சொல்லப்படும் பரிசில்களில் மிகை இருக்கலாம். மூங்கிலின் உட்பட்டை போன்ற மெல்லிய ஆடை, வீமசேனனின் மடைநூல் தவறாமல் சமைத்த உணவு, பொற்கலம், வலவனோடு கூடிய ஊர்தி, இவற்றையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பாட்டின் சட்டகம் வேறு விஷயம். பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்வது என்பதை ஒரு துறையாகவே தொல்காப்பியம் புறத்திணையியலில் வரையறுக்கிறது. பத்துப்பாட்டின் ஐந்து ஆற்றுப்படைகளில் திருமுருகாற்றுப்படை நீங்கலாக மற்ற நான்கும் பொருநர், சிறுபாணர், பெரும்பாணர், கூத்தர் என்ற நிகழ்கலையினரைப் பற்றியவை. வாழ்க்கையில் இல்லாத ஒரு பழக்கத்தின் மேல் இத்தனை பாட்டுகள் எழுந்திருக்க முடியாது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். வஞ்சி, மதுரை, உறந்தை என மூவேந்தர் தலைநகரங்களின் கொடைகூட இவன் முன் சிறிது என்கிறது பாட்டு. பேகன், பாரி முதலிய எழுவரும் சுமந்த ஈகைப் பாரத்தை இப்போது இவன் ஒருவனே சுமக்கிறான் என்கிறது. புகழ்ச்சியை நீக்கிவிட்டுப் பார்த்தால் இது ஒரு நிலவரத் தகவல். பழைய புரவலர்கள் போய்விட்டார்கள், பெரிய அரண்மனைகளை நம்பாதே, கடற்கரைக் குறுநிலத் தலைவனிடம் போ, அவன் அன்றைக்கே கொடுத்தனுப்புவான். தன்னோடு போட்டியிடக்கூடிய இன்னொரு யாழ்க்காரனிடம் ஒரு யாழ்க்காரன் இதைச் சொல்கிறான். அந்தப் பெருந்தன்மைதான் தொழிலைக் காத்தது.

அந்த யாழ் ஏன் மறைந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் விடை தொழில்நுட்பம் சார்ந்தது. யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்துக்குக் கட்டப்பட்டது. மெட்டுகள் கொண்ட வீணையில் ஒரே தந்தியை இழுத்தும் வழுக்கியும் கமகங்களைக் காட்டலாம். ஆகவே வீணை வென்றது. சம்பந்தரின் பதிகத்தை யாழில் அடக்க முடியாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கருவியை உடைக்க ஓங்கியதாகச் சொல்லும் யாழ்முரி வரலாற்றை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். இந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அது முழுமையல்ல. வளைந்த கழுத்துடைய யாழின் உறவுக்கருவி ஒன்று பர்மாவில் இன்றும் வாசிக்கப்படுகிறது. சவுங் என்ற அந்தக் கருவியின் தந்திகள் காலப்போக்கில் கூட்டப்பட்டு இன்று 16 ஆகியிருக்கின்றன. கயிற்றுக்கட்டு இருந்த இடத்தில் பிரடைகள் வந்திருக்கின்றன. இசை மாறியபோது கருவியும் மாறிக்கொண்டது. அரசவையும், பின்னாளில் அரசு இசைப்பள்ளிகளும் அதன் ஆசிரியர்களைத் தாங்கின. வாசிப்போர் தொடர் உயிரோடிருந்தால் கருவி தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதற்கு இது போதுமான சான்று. நம் யாழ் ஏன் திருந்தவில்லை என்றால், திருத்தியிருக்கக் கூடிய கைகளை நாம் வெளியே நிறுத்தினோம். சங்க காலத்தில் அரசர் அவைக்குள் உண்டு அமர்ந்த பாணர், பக்தி இலக்கிய காலத்தில் கோயிலுக்கு வெளியே நின்று பாடவேண்டியவர்களாக ஆகியிருந்தனர். திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் திருப்பாணாழ்வாருக்கும் தெய்வமே தலையிட்டு உள்ளே அழைத்ததாக மரபு சொல்கிறது. மனிதர்கள் அழைக்கவில்லை என்பதுதான் அதன் மறுபக்கம். சாத்தமங்கையில் திருநீலநக்கர் வீட்டில் வேள்வித் தீ அருகே யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவி மதங்கசூளாமணியாருக்கும் இடம் தரப்பட்டதைச் சேக்கிழார் ஓர் அற்புதம்போலப் பாடவேண்டியிருந்தது. ஓர் இரவு தங்க இடம் கிடைப்பதே அற்புதம் என்றால், அந்தக் குடியிடம் யாழ் கற்க யார் போயிருப்பார்கள்?

தொடர் அறுந்தபின் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. தேவார ஏடுகள் கிடைத்தபின் அவற்றின் பண்களை அறிய, யாழ்ப்பாணரின் ஊரான எருக்கத்தம்புலியூரில் அவர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டதாகத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. புராணச் செய்திதான், ஆனாலும் அதைச் சொன்னவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. ஏட்டில் சொல் இருக்கும், பண் மனிதரிடம் இருக்கும். இருபதாம் நூற்றாண்டில் ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைப்பில் யாழ் நூலை எழுதினார். 1947-ல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. அதே ஆண்டு அவர் காலமானார். அண்மை ஆண்டுகளில் தருண் சேகர் என்ற இளைஞர் தம் உரு பட்டறையில் யாழை மீண்டும் செய்து ஒலிக்கவைத்திருக்கிறார். இரண்டும் போற்றத்தக்க பணிகள். ஆனால் நூலிலிருந்து அலகுகளைக் கணக்கிடலாம், மரத்தைக் குடைந்து கருவியைச் செய்யலாம், விரல் எந்த அழுத்தத்தில் நரம்பைத் தொட்டது என்பதை எங்கிருந்து பெறுவது? சிறுபாணாற்றுப்படையின் பாணன் இசைநூல் நெறிப்படி யாழைப் பண்ணுகிறான், அதாவது சுருதி கூட்டுகிறான். அவனுக்கு ஒரு பயிற்சி இருந்தது, அந்தப் பயிற்சியைத் தந்தவர் இருந்தார். மீட்க முடியாமல் போனது அதுவே.

இனி செல்லோவுக்கு வருவோம். வயலின் குடும்பத்தில் தாழ்ந்த சுரங்களுக்கான கருவி. அடியிலுள்ள முள்ளைத் தரையில் ஊன்றி, உடலை இரு முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லால் வாசிப்பது. ஆண்குரலின் அடியாழத்திலிருந்து பெண்குரலின் உயரம்வரை அதில் எட்டும். வயலினும் செல்லோவும் ஒரே வகைக் கப்பல்களில் இந்தக் கரைக்கு வந்தவை. ஒன்று கர்நாடக இசையின் தவிர்க்க முடியாத கருவியாகிவிட்டது. மற்றொன்று இன்னும் விருந்தாளி. இந்த வேறுபாட்டை விளக்காமல் தமிழ்நாட்டில் ஒரு செல்லோ ஆசிரியரின் வாழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) வயலின் கற்றது தற்செயலாக அல்ல. மணலி சின்னையா முதலியார் ஓர் ஐரோப்பியரிடம் அவருக்கு மூன்று ஆண்டு பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். கற்பிக்க ஆள், அதற்குச் செலவிடப் புரவலர், கற்றபின் வாசிக்க இடம், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. பிறகு ஒவ்வொரு வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கும் ஒரு பக்கவாத்தியக்காரர் வேண்டும் என்றானது. கச்சேரிகள் பெருகப் பெருக வயலின் கற்போரும், கற்பிப்போரும் பெருகினர். இசைக்கல்லூரிகள் வந்தபோது வயலினுக்கு நாற்காலி தயாராக இருந்தது. செல்லோவுக்குக் கச்சேரி மேடையில் அப்படி ஓர் இருக்கை அமையவில்லை.

அதற்கு இருக்கை தந்தது சினிமா. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசைகளுக்குக் கீழே அடித்தளமாகச் செல்லோ ஒலித்தது. 1976-ல் அன்னக்கிளியோடு வந்த இளையராஜா அதை வெறும் அடித்தளமாக விடாமல் தனிக் குரலாக்கினார். 1986-ல் வந்த அவருடைய ஹவ் டு நேம் இட் தியாகராசரையும் பாக்கையும் ஒரே தாளில் நிறுத்திய படைப்பு. அந்த இசைக்குழுவின் வயலின் கலைஞர் வி. எஸ். நரசிம்மன் 1993-ல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டைத் தொடங்கினார். அதில் செல்லோ வாசித்தவர் வி. ஆர். சேகர். கர்நாடகக் கீர்த்தனைகளை இரு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்குப் பிரித்து எழுதி வாசித்த அந்த முயற்சி, திறமை நம்மிடம் குறைவில்லை என்பதைக் காட்டியது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடம் பள்ளிக்கூடமல்ல. சுரத்தாளைப் பார்த்தவுடன் வாசிக்கத் தெரிந்தவருக்கு அங்கே அன்றைய கால்ஷீட்டுக்கு அன்றே சம்பளம். நல்லியக்கோடனிடம் போன பாணனுக்கும் அன்றைக்கே பரிசில் கிடைத்தது; அவனாவது எதிரே வந்தவனுக்கு வழி சொன்னான். கூடத்தில் எதிரே வருபவர்கள் இல்லை. கற்றுக்கொள்ளும் சிறுவனுக்கு அங்கே ஓர் ஓரத்து நாற்காலிகூடக் கிடையாது, ஒவ்வொரு மணி நேரமும் தயாரிப்பாளரின் காசு. சில குடும்பங்களில் அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார், சிலர் டிரினிட்டி தேர்வுகள் வழியாகக் கற்றனர். பிறகு கீபோர்டில் பதிந்துவைத்த தந்தி ஒலிகள் வந்தன. கூடத்து நாற்காலிகள் குறைந்தன, கற்பிக்கும் காரணமும் குறைந்தது. 2005-ல் திருவாசகத்துக்கு இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைத் தேடிப் போனதையும், 2025 மார்ச்சில் வேலியண்ட் சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றியதையும் நாம் பெருமையாகவே பேசுகிறோம். பெருமைதான். ஆயினும் அந்த இசையை எழுதக்கூடியவர் இருக்கும் ஊரில், அதை வாசிக்கப் போதிய அளவு செல்லோக்காரர்கள் ஏன் சேரவில்லை என்ற கேள்வியும் அந்தப் பெருமைக்குள்ளேயே இருக்கிறது.

செல்லோ நம் இசைக்கு ஒத்துவராதது, ஆகவேதான் வேர்பிடிக்கவில்லை என்று ஒரு தரப்பு சொல்லும். கருவியைச் சற்றே அறிந்தவர்களும் இதை ஏற்க மாட்டார்கள். செல்லோவில் மெட்டுகள் இல்லை. விரலை வழுக்கிச் சுரத்திலிருந்து சுரத்துக்குப் போகலாம். வில்லால் ஒலியை நீட்டி நிறுத்தலாம். கமகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? அமெரிக்காவில் பிறந்த நான்சி லெஷ் ருத்ரவீணைக் கலைஞர் ஜியா மொகிதீன் டாகரிடம் கற்றுச் செல்லோவில் துருபத் வாசித்தார். நெதர்லாந்திலிருந்து வந்து தில்லியில் வாழும் சாஸ்கியா ராவ் டி ஹாஸ், தரையில் அமர்ந்து வாசிக்கும்படி அளவைக் குறைத்து, எதிரொலிக்கும் தந்திகளைச் சேர்த்து, இந்தியச் செல்லோ ஒன்றையே உருவாக்கினார். ஒத்துவராத கருவியில் இவை நடக்காது. இந்த இருவருமே வெளியிலிருந்து முழுப் பயிற்சியோடு இங்கே வந்தவர்கள் என்பதைத்தான் நாம் யோசிக்கவேண்டும். இங்கே ஒரு குழந்தை தொடக்கத்திலிருந்து அந்த இடத்துக்கு வர வழி எது?

வழி ஒன்று வங்காளத்தில் இருந்தது. கொல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் ஆக்ஸ்போர்டு மிஷன் நடத்திய விடுதியில், தியோடர் மேத்திசன் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஆதரவற்ற சிறுவர்களுக்குத் தந்திக்கருவிகளைக் கற்றுத்தந்தார். அப்படிக் கற்றவர்களில் ஒருவர் அனூப் குமார் பிஸ்வாஸ். வங்காளத்து ஏழைச் சிறுவனாக அங்கே வளர்ந்து, செல்லோவைப் பிடித்து, இளம்வயதிலேயே இங்கிலாந்து சென்று, பியர் ஃபூர்னியேரிடமும் ஜாக்குலின் டு ப்ரேயிடமும் பயின்று, கச்சேரிக் கலைஞரானார். வழக்கமான வாழ்க்கைக் குறிப்பு இந்த இடத்தில் மேடைகளை எண்ணத் தொடங்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் நடந்தது: 1994-ல் அவர் தம் ஆசிரியர் பெயரில் மேத்திசன் இசைப்பள்ளியைக் கொல்கத்தாவில் நிறுவினார். வறிய வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கி, உண்டு, பாடமும் இசையும் சேர்த்துக் கற்கும் பள்ளி அது. சோறும் படிப்பும் வாத்தியமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கவேண்டும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அந்தக் கூரையின் கீழ் வளர்ந்தவர். இலண்டன் மேடைகளில் இன்னொரு இருபது ஆண்டு வாசித்திருந்தால் அவருடைய குறிப்பு நீண்டிருக்கும். பள்ளியால் நீண்டது கருவியின் ஆயுள்.

பிஸ்வாஸுக்குக் கற்பித்த டு ப்ரேயின் வாழ்வும் இதையே சொல்கிறது. டு ப்ரே 1973-ல், 28 வயதில், நரம்புநோயால் மேடையை விட்டு விலகினார். பத்தாண்டுகளுக்குச் சற்று மேலான மேடை வாழ்வு அவ்வளவுதான். வில்லைப் பிடிக்க முடியாத அந்தக் கையோடுதான் அவர் பிறகு கற்பித்தார். அவருடைய ஆசிரியர் வில்லியம் பிளீத். பிளீத்தின் ஆசிரியர் லைப்சிக்கின் ஜூலியஸ் கிளெங்கெல். லைப்சிக்கிலிருந்து லண்டன் வழியே ஒரு சரடு வங்காளத்துச் சிறுவர்களின் விடுதிவரை வந்துவிட்டது. மேடை கைவிட்ட பிறகும் சரடு அறவில்லை.

உலகின் மிகப் புகழ்பெற்ற செல்லோக்காரரான பாவ் கசால்ஸ் (1876–1973) பற்றிப் பேசும்போதும் நம் கவனம் தவறான இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். பதின்மூன்று வயதில் பார்சிலோனாவின் ஒரு பழைய கடையில் பாக்கின் தனிச்செல்லோ தொகுப்புகளைக் கண்டெடுத்ததையும், பல ஆண்டு பயின்ற பின்னரே அவற்றை மேடையேற்றியதையும் எல்லோரும் சொல்வார்கள். அதே மனிதர் 1920-ல் பார்சிலோனாவில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கிப் பல ஆண்டுகள் தம் சொந்தப் பணத்தில் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். 1926-ல் அங்கே தொழிலாளர் கச்சேரிச் சங்கம் ஒன்றுக்கு வழிசெய்தார். வருமானம் குறைந்த தொழிலாளர்களே அதில் உறுப்பினராகலாம். தங்களுக்கென்று கச்சேரி, நூலகம், இதழ் என்று அந்தத் தொழிலாளர்கள் வளர்த்தனர். 1936-ல் வெடித்த உள்நாட்டுப் போர் அதை அழித்தது. எண்பது வயதில் தாயின் பிறந்த மண்ணான புவேர்த்தோ ரீகோ தீவில் குடியேறியவர், 1957-ல் இசைவிழாவையும், அடுத்த ஆண்டு சிம்பொனி இசைக்குழுவையும், 1959-ல் இசைக்கல்லூரியையும் ஒன்றன்பின் ஒன்றாக எழச் செய்தார். விழா, இருக்கை, பள்ளி. விழாவோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு முதியவரின் கௌரவமாக முடிந்திருக்கும். மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா கசகஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து கலைஞர்களை வரவழைத்தே மேடையை நிரப்பவேண்டியிருந்தது. பின்னர் குழந்தைகளுக்கான பயிற்சிப்பள்ளியைத் தானே நடத்த முன்வந்தது. சென்னையில் 2008-ல் ஏ. ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக்கல்லூரி, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தந்திக்கருவிகளை இலவசமாகக் கற்பிக்கும் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறது. தமிழ்நாட்டில் சரியான முனையிலிருந்து தொடங்கப்பட்ட முயற்சி அது என்றே மதிப்பிடுகிறேன். ஒரு நகரத்தில் ஒன்று போதாது என்பது வேறு.

மரக்காணத்திலிருந்து பார்த்தால் அந்த நகரம் தொலைவு. இந்தக் கரையில் உப்பு தையில் தொடங்கிப் புரட்டாசிவரை விளையும். வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் மூழ்கும், கூலி நிற்கும். வேலையற்ற அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு ஏற்றிருக்கிறது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை செல்லோ கற்பதற்கு என்னென்ன வேண்டும் என்று கணக்கிட்டால், கசால்ஸும் பிஸ்வாஸும் ஏன் நிறுவனங்களைக் கட்டினார்கள் என்பது விளங்கும். உடல் வளர வளரக் கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு, முழு அளவு என நான்கு செல்லோக்கள் மாறவேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் மரம் ஊதும், வச்சிரப்பசை விடும், இணைப்பு பிளக்கும். வில்லின் குதிரைமயிர் தளரும். உலோகத் தந்தியில் துருவேறும். ஆகவே பழுதுபார்க்கும் கை அருகில் வேண்டும். வாரந்தோறும் ஒரே ஆசிரியர், குறைந்தது பத்தாண்டு, பிள்ளையின் இடது கட்டைவிரல் எங்கே நிற்கிறது, வலது மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டேயிருக்கவேண்டும். தனி ஒரு குடும்பத்தால் ஆகக்கூடிய காரியமல்ல. ஆனால் இதில் ஒரு பகுதி இந்தப் பகுதியில் ஏற்கெனவே முளைத்திருக்கிறது. மரக்காணத்துக்குத் தெற்கே ஆரோவில்லில் 2003-ல் தொடங்கிய ஸ்வரம் பட்டறை, சுற்றுவட்டக் கிராமத்து இளைஞர்களுக்கு இசைக்கருவி செய்யப் பயிற்சி தருகிறது. கருவி செய்யத் தெரிந்த கைகள் இந்த மண்ணில் இருக்கின்றன.

உப்பளத்துப் பிள்ளைக்குச் செல்லோ எதற்கு, முதலில் நிரந்தர வேலையும் நல்ல குடிநீரும் கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். குடிநீருக்கும் செல்லோவுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கணக்கை ஏற்கவில்லை. அடையாறில் பிறந்த பிள்ளையிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. யாழை வாசித்தவர்களை வாசலில் நிறுத்திய சமூகம், இன்ன கருவி இன்னாருக்கு என்று இன்னொரு முறை பங்கிடக் கூடாது. செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கும் விடை புதிதாகத் தேடவேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு மாவட்டங்களில் இசைப்பள்ளிகள் நடத்துகிறது. விழுப்புரத்திலும் ஒன்று இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு துறைகள், மூன்றாண்டுப் படிப்பு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மணலி முதலியார் வீட்டுச் செலவில் கற்கப்பட்ட வயலின் அந்தப் பட்டியலில் அரசுச் சம்பளத்தோடு அமர்ந்திருக்கிறது. அதனருகே எட்டாவதாக ஒரு செல்லோ ஆசிரியர் பணியிடம், சிறிதும் பெரிதுமாகச் சில கருவிகள், மூன்றாண்டில் முடித்துவிடாமல் பத்தாண்டு தொடரும் ஒரு பாடத்திட்டம், மரக்காணத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணமும் மதியச் சோறும். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்துக் கைதேர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பணியிடத்துக்கு முதலில் அழைக்கப்படவேண்டியவர்கள் அவர்களே, அவர்களுடைய கைகளில் வலு இருக்கும்போதே.